உள்ளாட்சித் திறந்த தரவைச் சமூக வரைபடத்தில் சேர்க்கையில் நேரும் பிழைகள்: அறிகுறியைக் கொண்டு காரணம் காணும் வழிமுறை

உள்ளாட்சி அமைப்பு ஒன்று தன் தெருக்கள், வீட்டு எண்கள், பேருந்து நிறுத்தங்கள், கட்டட வெளிக்கோடுகள் ஆகியவற்றைத் திறந்த தரவாக வெளியிட்டதும், அவற்றை ஓபன்ஸ்ட்ரீட்மேப் போன்ற சமூக வரைபடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்ற ஆர்வம் தன்னார்வலர்களுக்கு எழுவது இயல்பு. அப்படிச் சேர்க்கப்போய் எங்கோ கோணிவிட்ட கோப்புகளைப் பல ஆண்டுகளாகச் சரிசெய்து கொடுத்து வருகிறேன். கோப்பும் ஊரும் ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தாலும் பிழைகள் பெரும்பாலும் அதே பத்துப் பன்னிரண்டுதான் என்பதால், கண்ணில் படும் அறிகுறியைக் கொண்டு தேடிக்கொள்ளும் வகையில் இதை எழுதியிருக்கிறேன். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் எளிதில் தீரும் காரணம் முதலிலும், அதிக உழைப்பு கேட்கும் காரணம் பின்னாலும் வருகின்றன. அந்த வரிசையிலேயே சோதியுங்கள்.

அறிகுறி எதுவானாலும், பதிவேற்றம் நடந்துகொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். பதிவேற்றுவதற்கு முன் ஐந்து நிமிடத்தில் தீரும் பிழை, பதிவேற்றிய பிறகு பல நாள் வேலையாகிவிடும். அடுத்து, அலுவலகத் தளத்திலிருந்து இறக்கிய மூலக் கோப்பை எந்த மென்பொருளிலும் திறந்து சேமிக்காமல், இறக்கிய நாளோடு தனியே வைத்துக்கொள்ளுங்கள். சோதனைகளுக்கு, இடத் தரவைத் திறந்து ஆராயும் க்யூஜிஐஎஸ், ஓபன்ஸ்ட்ரீட்மேப்பைத் திருத்தும் ஜோசம் ஆகிய இரண்டு கட்டற்ற மென்பொருள்கள் போதும்.

## தரவு முழுவதும் கடலிலோ வேறொரு கண்டத்திலோ விழுகிறது

பார்ப்பவரை அதிரவைத்தாலும், தீர்ப்பதற்கு இதுவே மிக எளிய அறிகுறி. உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு கட்டடத்தின் வரியைத் தேடியெடுத்து, அதன் இரண்டு ஆயத்தொலை எண்களையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்களின் தோற்றமே காரணத்தைச் சொல்லிவிடும்.

### எண்கள் பாகைகளில் உள்ளன, ஆனால் இடம் தவறு

அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கின்றன. ஜியோஜேசன் என்ற கோப்பு வடிவம் தீர்க்கரேகையை முதலில் கேட்கிறது. அலுவலகங்கள் தயாரிக்கும் அட்டவணைகளிலோ பெரும்பாலும் அட்சரேகையே முதலில் வருகிறது. 90ஐத் தாண்டிய எண் அட்சரேகையாக இருக்க முடியாது என்பது விரைவான சோதனை. இரண்டுமே 90க்குக் கீழே இருந்தால், தெரிந்த கட்டடத்தை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். கோப்பைத் திருத்தத் தேவையில்லை; இறக்குமதிச் சாளரத்தில் அட்டவணையின் அந்த இரண்டு நிரல்களையும் (நெடுவரிசைகளையும்) மாற்றித் தேர்ந்தால் போதும்.

### சில புள்ளிகள் மட்டும் ஆப்பிரிக்காவின் மேற்கே கடலில் கிடக்கின்றன

வெற்றுக் கட்டங்களை மென்பொருள் சுழியமாக வாசித்திருக்கிறது. நிலநடுக்கோடும் முதன்மைத் தீர்க்கரேகையும் வெட்டிக்கொள்ளும் அந்த இடத்தை வரைபடக்காரர்கள் ‘நல் ஐலண்ட்’ என்று அழைக்கிறார்கள். தமிழ்ச் செவிக்கு நல்ல தீவாகத் தொனித்தாலும் அங்கே இருப்பது வெறும் தண்ணீர்தான். அந்த வரிகளை வடிகட்டித் தனிக் கோப்பில் வைத்து, ஆயத்தொலை விடுபட்ட பட்டியலாக அலுவலகத்துக்கு அனுப்பலாம்.

### எண்கள் ஆறு, ஏழு இலக்கங்களில் உள்ளன

இவை பாகைகள் அல்ல, பெரும்பாலும் மீட்டர்கள். கிழக்கு நோக்கிய எண் ஏறக்குறைய 1.6 லட்சத்துக்கும் 8.4 லட்சத்துக்கும் இடையே இருந்தால் அது, உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் என்ற ஆயமுறையாக (இடத்தை எண்களால் குறிக்கும் முறையாக) இருக்க வாய்ப்பு அதிகம். கோடிக்கு அருகில் செல்லும் எண்கள் தென்பட்டால் இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டரை, அதாவது ஆயமுறைகளுக்கு எண் தரும் இபிஎஸ்ஜி பட்டியலில் 3857ஐச் சந்தேகியுங்கள். பல கோப்புகள் சேர்ந்த ஷேப்ஃபைல் என்ற வடிவில் வந்திருந்தால் ஆயமுறையைச் சொல்லும் பிஆர்ஜே கோப்பு உடன் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அது அலுவலகத்தில் இருக்கும். கோப்புகளைச் சேர்த்துச் சுருக்கும்போது விட்டுப்போயிருக்கும்.

இந்த இடத்தில்தான் மிக அதிகமானோர் தடுக்கி விழுகிறார்கள். க்யூஜிஐஎஸ்ஸில் அடுக்கின் (அதில் திறந்த கோப்பின்) ஆயமுறையை ‘அமைப்பது’ வேறு, அடுக்கை வேறோர் ஆயமுறைக்கு ‘மாற்றுவது’ வேறு. அமைத்தல் என்பது பெட்டியின் மேல் பெயர்ச்சீட்டை ஒட்டுவதற்குச் சமம். உள்ளே இருக்கும் எண்கள் அப்படியேதான் இருக்கும். மீட்டரில் உள்ள கோப்பின்மேல், பாகைகளுக்கான இபிஎஸ்ஜி 4326 என்ற சீட்டை ஒட்டினால் தரவு உலகத்துக்கு வெளியே போய்விடும். முதலில் உண்மையான ஆயமுறையை அமைத்து, அதன் பிறகு 4326க்கு ஏற்றுமதி செய்யுங்கள்.

### ஊரின் வடிவம் சரி, ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது

யூடிஎம் முறை உலகை ஒவ்வொன்றும் 6 பாகை அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரிக்கிறது. பக்கத்து மண்டலத்தைத் தேர்ந்துவிட்டால் தரவு கிழக்கிலோ மேற்கிலோ சரியாக 6 பாகை தள்ளிப் போகும். நிலநடுக்கோட்டில் அது சுமார் 668 கிலோமீட்டர். வட, தென் அரைக்கோளங்களை மாற்றித் தேர்ந்தால் பிழை 10,000 கிலோமீட்டராகும். இரண்டுக்கும் சரியான மண்டலத்தை மறுபடி தேர்வதே தீர்வு.

இவை எதுவும் பொருந்தாவிட்டால் அந்த நகரம் தனக்கென்று ஓர் உள்ளூர் ஆயமுறையை வைத்திருக்கக்கூடும். நகரின் நடுவே ஓரிடத்தைத் தொடக்கமாகக் கொண்டு அளந்த பழைய நில அளவை முறைகள் பல நாடுகளில் இன்றும் புழக்கத்தில் உள்ளன. அதை ஊகித்துப் பிடிக்க முயலாமல், தரவை வெளியிட்ட அலுவலகத்தின் நில அளவைப் பிரிவிடம் ஆயமுறையின் இபிஎஸ்ஜி எண்ணையோ முழு வரையறையையோ எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

## ஊர் சரி, ஆனால் எல்லாமே சற்று விலகி நிற்கின்றன

தெரியாமலே வரைபடத்தில் நிலைத்துவிடக்கூடிய பிழை என்பதால் நான் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான். கடலில் விழுந்த தரவை யாரும் பதிவேற்ற மாட்டார்கள். நான்கு மீட்டர் விலகிய கட்டடங்களைப் பத்தாயிரக்கணக்கில் பதிவேற்றிவிடுவார்கள். ‘பார்த்தால் பொருந்துகிறது’ என்ற இடம் வரும்வரை எல்லாவற்றையும் தேர்ந்து சுட்டியால் இழுத்து வைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள், விலகலின் காரணம் ஆயமுறையில் இருந்தால், ஊரின் நடுவில் பொருந்திய தரவு விளிம்பில் மறுபடி விலகும்.

முதலில் அளந்து பாருங்கள். ஊரின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் தெளிவான ஒரு சாலைச் சந்திப்பைத் தேர்ந்து, விலகல் எத்தனை மீட்டர், எந்தத் திசையில் என்று குறியுங்கள். ஐந்து இடங்களின் முடிவையும் அருகருகே வைத்தால் கீழுள்ள மூன்று கிளைகளில் எது உங்களுடையது என்பது தெரிந்துவிடும்.

### சில மீட்டர் விலகல்

குற்றம் தரவில் இல்லாமல், நீங்கள் ஒப்பிடும் வான்படத்தில் இருக்கக்கூடும். செயற்கைக்கோள் படங்களும் வான்படங்களும் தரையோடு பொருத்தப்படும்போது சில மீட்டர் பிசகுவது சாதாரணம். ஒரே ஊரில்கூட ஒரு படத்துண்டுக்கும் அடுத்ததற்கும் விலகல் மாறும். ஆகவே குறைந்தது இரண்டு வெவ்வேறு வான்பட அடுக்குகளையும், தன்னார்வலர்கள் பதிவேற்றிய ஜிபிஎஸ் தடங்களையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே சாலையில் பலமுறை சென்ற தடங்கள் கற்றையாகக் குவியும் நடுப்பகுதி, தனி ஒரு படத்தைவிட நம்பத் தகுந்தது. தடங்களோடு தரவு பொருந்தி, படம் மட்டும் பொருந்தாவிட்டால், ஜோசமில் படத்தின் விலகலைச் சரிசெய்துகொண்டு தரவைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

கட்டடங்களில் இன்னொரு மயக்கமும் உண்டு. உயரமான கட்டடத்தின் கூரை, படம் எடுத்த கோணத்தால் தன் அடித்தளத்திலிருந்து சாய்ந்து விலகித் தெரியும். நில அளவையிலிருந்து வந்த தரவு பெரும்பாலும் அடித்தளத்தைக் குறிப்பதால், கூரையோடு ஒப்பிட்டால் சரியான தரவும் தவறாகத் தோன்றும். சுவர் தரையைத் தொடும் மூலையோடு மட்டுமே ஒப்பிடுங்கள்.

படமும் தடங்களும் தம்முள் ஒத்துப்போய், தரவு மட்டும் எங்கும் ஒரே அளவில் ஒன்றிரண்டு மீட்டர் விலகினால், நிலத்தட்டு நகர்வைக் கருத வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஜிடிஏ 94 என்ற டேட்டத்திலிருந்து (ஆயத்தொலைகளைப் பூமியோடு பொருத்தும் அடிப்படையிலிருந்து) ஜிடிஏ 2020க்கு மாறியபோது ஆயத்தொலைகள் சுமார் 1.8 மீட்டர் வடகிழக்காக நகர்ந்தன. காரணம், இடைப்பட்ட 26 ஆண்டுகளில் கண்டமே அவ்வளவு நகர்ந்திருந்தது. தரவின் குறிப்பில் டேட்டத்தின் பெயரோடு ஆண்டும் இருந்தால் அதைக் கவனியுங்கள்.

### பத்துகளிலிருந்து சில நூறு மீட்டர்கள் வரை, எங்கும் ஏறக்குறைய ஒரே திசையில்

இது பெரும்பாலும் டேட்டம் மாற்றம் நடக்காமல் போனதன் விளைவு. ஜிபிஎஸ் வருவதற்கு முன் ஒவ்வொரு நாடும் தன் நிலப்பரப்புக்குப் பொருந்தும் ஒரு நீள்கோளத்தைக் கொண்டு அளந்தது. அந்த எண்களை ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 டேட்டம் என்றே எடுத்துக்கொண்டால் இந்த அளவு விலகல் வரும். பிரிட்டனின் ஓஎஸ்ஜிபி 36 டேட்டத்தில் அது சுமார் நூறு மீட்டர்.

இபிஎஸ்ஜி எண்ணைச் சரியாகக் கொடுத்த பிறகும் விலகல் நீடிப்பதுண்டு. ஒரு டேட்டத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்லப் பல மாற்று வழிகள் இருக்கலாம்; துல்லியமான வழிக்குத் தேவையான திருத்தக் கட்டக் கோப்பு உங்கள் கணினியில் இல்லாவிட்டால், மென்பொருள் துல்லியம் குறைந்த வழிக்கு இறங்கிவிடும். க்யூஜிஐஎஸ் மாற்றுவழிகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றின் துல்லியத்தையும் காட்டும்போது, அந்தச் சாளரத்தை வாசிக்காமல் ‘சரி’ என்று அழுத்துவதே பல வேளைகளில் முழுக் காரணமாக இருக்கிறது. அதை மறுபடி திறந்து, உங்கள் பகுதியை உள்ளடக்கியதும் மீட்டர் எண் குறைந்ததுமான வழியைத் தேர்ந்து, தேவையான கட்டக் கோப்பை இறக்கி நிறுவிய பின், அதே ஐந்து சந்திப்புகளை மீண்டும் அளவிடுங்கள்.

சீனாவில் ஜிசிஜே 02 என்ற ஆயமுறை வேண்டுமென்றே இடத்துக்கு இடம் மாறும் விலகலைச் சேர்க்கிறது. அங்கிருந்து வரும் கோப்புக்கு மேற்சொன்ன வழி பயன்படாது.

### விலகல் ஒவ்வொரு மூலையிலும் வேறு திசையில்

பழைய காகித வரைபடத் தாள்களை வருடி, தாள் தாளாகப் பொருத்தி, அதன்மேல் வரைந்த தரவு இப்படித்தான் இருக்கும். விலகல் திடீரென மாறும் இடங்களை இணைத்தால் செவ்வகங்கள் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். கிடைத்தால் அவையே தாள்களின் விளிம்புகள். மென்பொருளில் ரப்பர் விரிப்பைப் போல் இழுத்துப் பொருத்தும் வசதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு ஊர் முழுவதும் துல்லியமாக அளந்த கட்டுப்பாட்டுப் புள்ளிகள் வேண்டும். அது பயிற்சி பெற்ற நில அளவையாளரின் வேலை. அவர் கிடைக்காவிட்டால் வடிவங்களைக் கைவிட்டு, தெருப்பெயர், வீட்டு எண் முதலிய விவரங்களை மட்டும் எடுத்து, வரைபடத்தில் ஏற்கெனவே சரியாக உள்ள கோடுகளில் சேர்க்கலாம். பலருக்கு இது தோல்வியாகத் தோன்றுகிறது. ஆனால் சமூக வரைபடத்தில் எப்போதும் பஞ்சமாக இருப்பது பெயரும் எண்ணும்தான்.

## பெயர்களில் எழுத்துகள் சிதைந்துள்ளன

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற குறிகளின் வரிசை தெரிந்தால், மென்பொருள் தவறான குறியாக்கத்தில் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையில்) வாசிக்கிறது. அடுக்கின் பண்புகளில் குறியாக்கத்தை யூடிஎஃப் 8 என்று மாற்றிப் பாருங்கள். குறியாக்கத்தைச் சொல்ல ஷேப்ஃபைலோடு வர வேண்டிய சிபிஜி கோப்பு விட்டுப்போயிருந்தால் இதுவே தீர்வு.

தமிழ்ப் பெயர்கள் உள்ள கோப்பில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து வந்து, எந்தக் குறியாக்கத்தை மாற்றியும் தெளியாவிட்டால், அது பாமினி, டிஸ்கி, டாம், டாப் போன்ற பழைய எழுத்துரு முறை ஒன்றில் தட்டச்சானது. அதற்குரிய மாற்றியில் இட்டால் ஒருங்குறியாகிவிடும். ஒரே நிரலில் உண்மையான ஆங்கிலப் பெயர்களும் இருந்தால் மாற்றி அவற்றையும் சேர்த்துச் சிதைத்துவிடும் என்பதால், முதலில் அந்த வரிகளைப் பிரித்தெடுங்கள்.

பெயர்கள் பாதியில் வெட்டுண்டிருந்தால் காரணம் ஷேப்ஃபைலின் அட்டவணை. அதில் ஓர் எழுத்துப் புலம் 254 பைட்டுகளைத் தாண்டாது. உருவாக்கியவர் 50 என்று வைத்திருந்தால் அதுதான் எல்லை. யூடிஎஃப் 8இல் தமிழின் ஒவ்வொரு குறியுருவும் 3 பைட்டுகள் பிடிப்பதால், கணினிக்கு ஆறு குறியுருக்களான ‘கோயில்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கே 18 பைட்டுகள் ஆகின்றன. நிரல் பெயர்கள் 10 எழுத்துகளில் அறுபடுவதும் இதே வடிவத்தின் குறைதான். அலுவலகம் அதே தரவை ஜியோபேக்கேஜ் அல்லது ஜியோஜேசன் வடிவிலும் வழங்கினால் அதையே எடுங்கள்.

பெயர்கள் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் ஒப்பீட்டில் பொருந்தாமல் போகிறதா? ஓகார உயிர்க்குறியை ஒரே குறியுருவாகவும் எழுதலாம், இரண்டு குறியுருக்களைச் சேர்த்தும் எழுதலாம். கணினிக்கு அவை இரண்டும் வேறு. இரு பக்கத் தரவையும், இத்தகைய வேறுபாடுகளை ஒரே வடிவாக்கும் என்எஃப்சி என்ற ஒருங்குறி முறையில் இயல்பாக்கிய பிறகு ஒப்பிடுங்கள்.

எழுத்துகளுக்குப் பதிலாகக் கேள்விக்குறிகள் மட்டும் இருந்தால் தகவல் அழிந்துவிட்டது. எந்த மாற்றியாலும் அதை மீட்க முடியாது. மூலக் கோப்புக்குத் திரும்புங்கள். மூலத்திலும் அப்படியே இருந்தால் அலுவலகத்துக்கு எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

## வீட்டு எண்கள் தேதிகளாக மாறிவிட்டன

கோப்பை யாரோ விரிதாளில் இருமுறை சொடுக்கித் திறந்து சேமித்திருக்கிறார்கள். 3-5 என்ற வீட்டு எண் மார்ச்சு மாதத்திலோ மே மாதத்திலோ ஒரு நாளாகிவிடும். முன்னால் சுழியம் உள்ள அஞ்சல் குறியீடு அந்தச் சுழியத்தை இழக்கும். 15 இலக்கங்களைத் தாண்டிய அடையாள எண்ணின் கடைசி இலக்கங்கள் சுழியமாகும். 10,48,576 வரிகளுக்கு மேல் உள்ளவை மறைந்தே போகும். மூலக் கோப்பை மீண்டும் இறக்கி, எல்லா நிரல்களையும் எழுத்து வகையாகக் குறிப்பிட்டு இறக்குமதி செய்தால் தீர்ந்தது. தேதிகளைப் பின்னோக்கி எண்களாக மாற்ற முயலாதீர்கள். 3-5, 5-3 இரண்டில் எது மூலம் என்று அறிய வழியில்லை. அலுவலகமே விரிதாளில் சேமித்து வெளியிட்டிருப்பதும் உண்டு. அப்போது எடுத்துக்காட்டாக ஐந்து வரிகளோடு ஒரு மடல் அனுப்பினால் பெரும்பாலும் திருத்தித் தருகிறார்கள்.

## ஒரே புள்ளியில் பல முகவரிகள் குவிந்துள்ளன

அடுக்குமாடிக் கட்டடமாக இருந்தால் அது பிழையே அல்ல. இல்லையெனில் தசம இலக்கங்களை எண்ணுங்கள். ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர் என்பதால், இரண்டு தசம இலக்கங்கள் உள்ள ஆயத்தொலை ஒரு கிலோமீட்டருக்கும், மூன்று இலக்கங்கள் நூற்றுப் பத்து மீட்டருக்கும், ஐந்து இலக்கங்கள் ஒரு மீட்டருக்கும் சற்று மேலான இடைவெளிகளில்தான் இடத்தைக் காட்ட முடியும். மூன்று இலக்கங்களோடு வந்த முகவரிக் கோப்பு வீடுகளுக்குப் பயன்படாது.

இலக்கங்கள் போதுமான அளவு இருந்தும் குவிந்தால், முகவரி எழுத்தைத் தேடுபொறியில் இட்டு ஆயத்தொலை பெற்றிருக்கிறார்கள்; வீடு கிடைக்காதபோது தெருவின் அல்லது வார்டின் மையம் விடையாக வந்திருக்கிறது. இங்கே இடப்பிழையைவிடப் பெரிய சிக்கல் ஒன்று ஒளிந்திருக்கிறது. அந்தத் தேடுபொறி ஒரு வணிக வரைபட நிறுவனத்தினுடையதாக இருந்தால், பெற்ற ஆயத்தொலைகளை வேறு வரைபடத்தில் சேர்க்க அதன் விதிமுறைகள் இடம் தராமல் இருக்கலாம். அலுவலகம் தாராள உரிமத்தில் வெளியிட்டிருந்தாலும் தனக்கு இல்லாத உரிமையை அது உங்களுக்குத் தர முடியாது. ஆயத்தொலைகள் எப்படிக் கிடைத்தன என்று அலுவலகத்திடம் கேட்டு, விடை வரும்வரை அந்த நிரலைப் பயன்படுத்தாதீர்கள்.

## பதிவேற்றியபின் எல்லாம் இரட்டையாகத் தெரிகின்றன

இரட்டைகள் புள்ளிக்குப் புள்ளி துல்லியமாக ஒன்றன்மேல் ஒன்று இருக்கின்றனவா, சற்று விலகி இருக்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள்.

### துல்லியமாக ஒன்றன்மேல் ஒன்று

இணைப்பு இடையில் அறுந்திருக்கிறது. வழங்கி தரவைப் பெற்றுச் சேமித்துவிட்டது, ஆனால் அதன் ஒப்புதல் உங்கள் கணினிக்கு வந்து சேரவில்லை. பதிவேறவில்லை என்று எண்ணி மறுபடி அனுப்பினீர்கள், இரண்டும் சேர்ந்துவிட்டன. பிழைச்செய்தி வந்தால் மறுபடி அனுப்புவதற்கு முன் உங்கள் கணக்கின் மாற்றத்தொகுப்புப் பட்டியலை (சேர்த்துப் பதிவேற்றிய திருத்தங்களின் தொகுப்பே மாற்றத்தொகுப்பு) திறந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பதே தடுப்பு. ஏற்கெனவே நேர்ந்துவிட்டால், வேறு யாரும் தொடுவதற்கு முன்பே இரண்டாவது மாற்றத்தொகுப்பை முழுமையாகத் திருப்பிவிடுங்கள். ஜோசமில் அதற்கென்று செருகுநிரல் உண்டு. ஒவ்வொன்றாகக் கையால் நீக்குவதில் பழையதும் சேர்ந்து போய்விடும் ஆபத்து இருக்கிறது.

மூலக் கோப்பிலேயே இரட்டைகள் இருப்பதும் உண்டு. துண்டு துண்டாக வெளியிடப்பட்ட தரவில் விளிம்பில் உள்ள கட்டடம் இரு துண்டுகளிலும் வரும். அலுவலக அடையாள எண்ணைக் கொண்டு வடிகட்டினால் போதும்.

### சற்று விலகிய இரட்டைகள்

தன்னார்வலர்கள் முன்பே வரைந்திருந்ததை ஒப்பிடாமல் அதன்மேல் கொட்டியிருக்கிறீர்கள். இதற்குக் குறுக்குவழி கிடையாது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் ‘டைகர்’ சாலைத் தரவு 2007, 2008 ஆண்டுகளில் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் மொத்தமாகச் சேர்க்கப்பட்டது. வெற்றாகக் கிடந்த நாடு ஒரே வீச்சில் நிரம்பியது உண்மைதான். ஆனால் ‘சரிபார்க்கப்படவில்லை’ என்ற குறிச்சொல்லோடு வந்த அந்தச் சாலைகளைத் திருத்தும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது.

செய்ய வேண்டியது இது. பதிவேற்றத்துக்கு முன், ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவைத் தேடி எடுக்க உதவும் ஓவர்பாஸ் சேவை வழியாக அப்பகுதியின் தற்போதைய தரவை இறக்கி, புதிய தரவை மூன்றாகப் பிரியுங்கள்: வரைபடத்தில் இல்லாதவை, இருப்பவற்றோடு தெளிவாகப் பொருந்துபவை, ஐயத்துக்குரியவை. முதல் வகையைச் சேர்க்கலாம். இரண்டாம் வகையில், பழைய பொருளை நீக்கிப் புதியதை வைக்காமல், ஜோசமின் ‘வடிவத்தை மாற்று’ வசதியால் பழையதன் வரலாறும் குறிச்சொற்களும் காக்கப்படும்படி வடிவத்தை மட்டும் மாற்றுங்கள். அந்தக் கட்டடத்தில் ஒருவர் நேரில் சென்று சேர்த்த கடைப்பெயரும் வேலைநேரமும் இருக்கலாம், அவை அலுவலகத் தரவில் ஒருநாளும் வராது. மூன்றாம் வகையை மனிதக் கண்தான் பார்க்க வேண்டும். அது மொத்தத்தில் பெரும்பங்காக இருந்தால், வேலை ஒருவருக்குரியது அல்ல. பகுதிகளாகப் பிரித்துப் பலருக்குப் பங்கிடுங்கள்.

பதிவேற்றிய பின்னர்தான் கவனித்தீர்கள், அதற்குள் மற்றவர்கள் அந்தப் பொருள்களைத் திருத்தத் தொடங்கிவிட்டார்கள் என்றால், நீங்களாகத் திருப்ப முயல வேண்டாம். உங்கள் பிழையோடு அவர்கள் உழைப்பும் அழியும். அப்பகுதிச் சமூகத்தில் மீளமைப்பில் அனுபவமுள்ளவரை நாடுங்கள். அளவு பெரிதானால் ஓபன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளையின் தரவுப் பணிக்குழுவுக்கு எழுதுங்கள்.

## வார்டு எல்லைகளுக்கிடையே மெல்லிய பிளவுகள்

அலுவலகக் கோப்பில் ஒவ்வொரு வார்டும் தனிப் பலகோணம்; இரு வார்டுகளின் பொது எல்லை இரண்டு முறை வரையப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியே எளிமைப்படுத்தினால் அந்த இரு கோடுகளும் வெவ்வேறு புள்ளிகளை இழந்து பிளவும் மேற்படிவும் தோன்றும். எளிமைப்படுத்தாத கோப்பிலிருந்து தொடங்கி, பொது எல்லையை ஒரே கோடாகக் கருதும் மேப்ஷேப்பர் போன்ற கருவியில் எளிமைப்படுத்துங்கள். வரைபடத்தில் சேர்க்கும்போதும் பொது எல்லை ஒரே கோடாக இருந்து, இரு வார்டுகளின் ‘உறவு’களிலும் (பல கோடுகளை ஒரே பொருளாகச் சேர்க்கும் தொகுப்புகளிலும்) உறுப்பாக வேண்டும். மூலத்திலேயே பிளவு இருந்தால் அந்தத் துண்டு நிலம் எந்த வார்டைச் சேர்ந்தது என்று முடிவுசெய்யும் அதிகாரம் உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை; அலுவலகத்திடம் கேளுங்கள்.

## பதிவேற்றத்தை வழங்கி மறுக்கிறது

பிழைச்செய்தியை முழுவதும் வாசித்தாலே பாதி தீர்ந்துவிடும். ஒரு மாற்றத்தொகுப்பில் 10,000 மாற்றங்கள், ஒரு கோட்டில் 2,000 புள்ளிகள், ஒரு குறிச்சொல் மதிப்பில் 255 குறியுருக்கள் என்பன வரம்புகள். நீண்ட ஆற்றங்கரைக் கோடும், அலுவலகக் குறிப்பு நிரலை அப்படியே குறிச்சொல்லாக்கியதும் அடிக்கடி சிக்குபவை. முரண்பாடு என்று செய்தி வந்தால், நீங்கள் இறக்கிய பின் வேறொருவர் அப்பொருளைத் திருத்தியிருக்கிறார். புதுப்பித்து, இரண்டையும் ஒப்பிட்டு முடிவெடுங்கள். எல்லாவற்றுக்கும் ‘என் பதிப்பு’ என்று அழுத்துவது மற்றவரின் வேலையை அழிப்பதாகும்.

## பதிவேறியது, ஆனால் வரைபடத்தில் தெரியவில்லை

உலாவியின் தற்காலிகச் சேமிப்பை நீக்கிப் பாருங்கள். சற்றுப் பொறுத்தும் பாருங்கள். தரவு அடுக்கை இயக்கினால் பொருள் தெரிகிறது, படத்தில் மட்டும் வரவில்லை என்றால், அந்தக் குறிச்சொல்லை அந்தப் படநடை வரைவதில்லை அல்லது நீங்கள் குறிச்சொல்லைத் தவறாக எழுதியிருக்கிறீர்கள். கைப்பேசிச் செயலிகள் தம் தரவை வெவ்வேறு இடைவெளிகளில் புதுப்பிப்பதால் அங்கே தாமதமாவது பிழையல்ல. படத்தில் தெரிய வேண்டும் என்பதற்காகப் பொருந்தாத குறிச்சொல்லை இடுவது மட்டும் கூடாது.

## வரைபடத்தில் இருக்கிறது, தெருவில் இல்லை

தரவு வெளியான நாளை அல்ல, சேகரிக்கப்பட்ட நாளைத் தேடுங்கள்; இரண்டுக்கும் பல ஆண்டு இடைவெளி இருக்கலாம். அடுத்து, நிலையைக் காட்டும் நிரல் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். திட்டமிடப்பட்ட சாலைகளும் ஒப்புதல் பெற்றுக் கட்டப்படாத மனைப்பிரிவுகளும் கட்டி முடிந்தவற்றோடு ஒரே அட்டவணையில் இருப்பது வழக்கம். இன்னொரு வகை, அலுவலகத்துக்கு உண்மையானதாகவும் கண்ணுக்குப் புலப்படாததாகவும் இருப்பது: பிரிட்டனின் ‘நாப்டான்’ பேருந்து நிறுத்தத் தரவில், கம்பமோ பலகையோ இல்லாமல் வழக்கத்தால் மட்டும் பேருந்து நிற்கும் இடங்களுக்குத் தனி வகையே உண்டு. அவற்றைக் கம்பமுள்ள நிறுத்தங்களைப் போலவே சேர்த்தால், நேரில் பார்ப்பவர் பிழை என்றுதான் சொல்வார்.

என் வழக்கம், ஊரின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து இருபது பொருள்களைக் குருட்டாகத் தேர்ந்து நேரில் சென்று பார்ப்பது. ஒன்றிரண்டு தவறினால் அவற்றைக் குறித்துக்கொண்டு தொடர்வேன். நான்கைந்து தவறினால் மொத்தமாகச் சேர்ப்பதைக் கைவிட்டு, தரவைப் பின்னணி அடுக்காக வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து வரைவேன். இது கணக்கியல் முறையன்று, அனுபவத்தால் வந்த அளவுகோல். தரையில் காண்பதே முடிவானது என்பது ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் நடைமுறை. ஒரு தன்னார்வலர் கடந்த மாதம் நேரில் பார்த்து எழுதியதை அலுவலகத்தின் பழைய வரி வெல்லக் கூடாது.

## உங்கள் பதிவேற்றத்தை யாரோ முழுவதும் திருப்பிவிட்டார்கள்

சினம் வரும், ஆயினும் மறுபடி பதிவேற்றாதீர்கள். மாற்றத்தொகுப்பின் கீழ் உள்ள உரையாடலையும் உங்கள் கணக்குக்கு வந்த மடல்களையும் வாசியுங்கள்.

எளிய காரணம் நடைமுறை சார்ந்தது. மொத்தச் சேர்ப்புக்கு முன் திட்டத்தை விக்கியில் எழுதி, உள்ளூர்ச் சமூகத்திடமும் இறக்குமதி மன்றத்திலும் கருத்துக் கேட்டு, அதற்கென்று தனிக் கணக்கு தொடங்க வேண்டும் என்பது ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் வழிகாட்டுதல். அவற்றைச் செய்யாத பதிவேற்றம், தரம் நன்றாக இருந்தாலும் திருப்பப்படலாம். விடுபட்ட படிகளைச் செய்துவிட்டு மீண்டும் வாருங்கள். செய்த வேலை உங்கள் கணினியில் பத்திரமாகத்தான் இருக்கிறது.

கடினமான காரணம் உரிமம். தளத்தின் பெயரில் ‘திறந்த’ என்ற சொல் இருப்பது உரிமமாகாது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவு 2012 முதல் ஓடிபிஎல் என்ற திறந்த தரவுத்தள உரிமத்தில் வெளியாகிறது. நீங்கள் சேர்க்கும் தரவின் நிபந்தனைகள் அதோடு ஒத்துப்போக வேண்டும். உரிமைகளைத் துறந்துவிடும் சிசி 0 அல்லது பொதுக்களத் தரவுக்குத் தடையில்லை. வணிகப் பயன்பாட்டைத் தடுப்பவையும், மாற்றம் செய்வதைத் தடுப்பவையும் பொருந்தா. இடைப்பட்ட சிசி பிஒய் 4.0தான் பலரை ஏமாற்றுகிறது: மூலத்தைக் குறிப்பிட்டால் போதும் என்று தோன்றினாலும், நன்றி தெரிவிக்கும் முறை குறித்தும் தொழில்நுட்பத் தடைகள் குறித்தும் அந்த உரிமம் விதிக்கும் நிபந்தனைகள் ஓடிபிஎல்லோடு முழுமையாகப் பொருந்தாததால், தரவை வெளியிட்ட அலுவலகத்திடமிருந்து தனியே எழுத்து வடிவில் இசைவு பெற வேண்டும். அதற்கான மாதிரிக் கடிதத்தை ஓபன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளையே வைத்திருக்கிறது. சொற்களை நீங்களாக மாற்றாமல் அதையே அனுப்புங்கள்.

தொலைபேசியில் ‘தாராளமாகப் பயன்படுத்துங்கள்’ என்று ஓர் அலுவலர் சொல்வது இசைவாகாது. அலுவலகம் தன் சட்டப் பிரிவைக் கேட்க வேண்டும் என்றாலோ, தன் சொந்த உரிமம் ஒன்றைக் காட்டினாலோ, அதைப் பொருள்கொள்ளும் வேலையை அறக்கட்டளையின் உரிமப் பணிக்குழுவிடம் விட்டுவிடுங்கள். மடல் போக்குவரத்து சில மாதங்கள் இழுக்கலாம். அதற்குள் அலுவலகம் புதிய பதிப்பை வெளியிட்டிருக்கும் என்பதால், இசைவு வந்த நாளில் பழைய கோப்பைப் பதிவேற்றாமல், புதியதை இறக்கி, ஐந்து சந்திப்புகளின் அளவையும் மூன்று வகைப் பிரிப்பையும் முதலிலிருந்து செய்யுங்கள்.